முறைத் தண்ணீரும் மூக்குக்கண்ணாடியும்

பாலிசி ஆண்டு முடியும் நேரத்தில் ஹெச்.ஆர். பிரிவிலிருந்து ஒரு மெயில் வரும். கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் ஒதுக்கிய தொகையில் உங்கள் கணக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறது, மாதக் கடைசிக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகிவிடும் என்று. ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். குழு மருத்துவக் காப்பீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் சலுகை. வருடத்துக்கு ஒரு பரிசோதனை, ஒரு ஃப்ரேம், ஒரு ஜோடி லென்ஸ். தொகை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மெயில் வந்த அரை மணி நேரத்தில் வாட்ஸப் குழு விழித்துக்கொள்ளும். ‘எந்தக் கடையில பில் ஒழுங்கா போட்டுத் தர்றாங்க?’ ‘பவர் இல்லாட்டியும் ப்ளூ கட் வாங்கிக்கலாம் மச்சி, க்ளெய்ம் ஆகுது.’ ‘கூலிங் கிளாஸ் தருவானா?’ கொரோனாவுக்குப் பிறகு லேப்டாப்போடு சொந்த ஊர் திரும்பியவர்கள் நிறையப் பேர். அதனால் சென்னை, பெங்களூரில் மட்டும் கேட்ட இந்தப் பேச்சை இப்போது மயிலாடுதுறை பட்டமங்கலத் தெருவிலும் கேட்கலாம்.

இதில் ஒரு பகுதியை முதலிலேயே தள்ளி வைத்துவிடுவோம். பவர் இல்லாத கண்ணுக்குப் பவர் எழுதி வாங்குவது, கூலிங் கிளாஸை மருத்துவக் கண்ணாடி என்று பில் போடுவது, கண்ணாடியே வாங்காமல் பில்லை மட்டும் வாங்கிக் காசைப் பங்கு போட்டுக்கொள்வது – இதெல்லாம் பொய். பொய் சொல்லலாமா என்பதற்குப் புதிதாக ஒரு கட்டுரை வேண்டியதில்லை. என்னை யோசிக்க வைப்பது அதற்குச் சற்று இப்பால் உள்ள இடம். பவர் உண்மை, பில் உண்மை, விதி அனுமதிக்கிறது. ஆனால் போன வருடம் வாங்கிய கண்ணாடியே புதுசு மாதிரி இருக்கிறது. தேவை இல்லை. கிடைக்கிறது என்பதற்காக வாங்கலாமா?

சில ஆயிரம் ரூபாய் விவகாரம்தான். ஆனால் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அறம் சார்ந்த கேள்வி இந்த அளவில்தான் வந்து சேர்கிறது. கொலை செய்யலாமா, கொள்ளையடிக்கலாமா என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. விதி அனுமதிக்கிற, யாரும் தடுக்காத, பக்கத்து சீட்டுக்காரர் செய்கிற ஒரு காரியத்தை நாமும் செய்யலாமா என்றுதான் தினமும் கேட்கப்படுகிறோம்.

*

செய்யலாம் என்று சொல்பவர்களின் வாதம் லேசுப்பட்டது இல்லை. ‘இது ஒண்ணும் தானம் இல்லப்பா. ஆஃபர் லெட்டர்ல போட்டுத்தான் வேலைக்கு எடுத்தாங்க. என் சம்பளத்துல இது ஒரு பங்கு. தேவைக்கு மேல சம்பளம் வருதுன்னு யாராவது திருப்பிக் குடுக்கறாங்களா?’ நியாயமான கேள்வி. உழைப்புக்கு ஈடாகப் பேசப்பட்டதை வாங்கிக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. கூச்சப்படச் சொல்லிக்கொடுப்பது பல சமயம் முதலாளிக்கு வசதியான போதனையாகவும் இருந்திருக்கிறது.

பொருளியலில் இதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலான ஒரு வழக்கே உண்டு. 1963இல் கென்னத் ஆரோ மருத்துவச் செலவின் பொருளியல் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். காப்பீடு இருந்தால் மக்கள் கூடுதலாகச் செலவு செய்வார்கள் என்பதை அதில் ஒரு சிக்கலாகக் குறிப்பிட்டார். ‘மாரல் ஹஸார்ட்’ என்று காப்பீட்டுக்காரர்கள் சொல்வது இதைத்தான். 1968இல் மார்க் பாலி அதற்கு ஒரு குறிப்பு எழுதினார். இதில் ஒழுக்கம் எங்கே வந்தது என்பது அவர் கேள்வியின் சாரம். ஒரு பொருளின் விலை பூஜ்யமானால் ஆட்கள் அதை அதிகமாக வாங்குவார்கள். அது கெட்ட புத்தி இல்லை, சாதாரண விலைக் கணக்கு. ஆரோ அதற்குப் பதில் எழுதினார். ஒருவர் மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையும், வாய்ப்பு இருந்தும் ஒரு வரம்போடு நிறுத்திக்கொள்வதும் பொருளாதாரத்துக்கு வெளியே உள்ள விஷயங்கள் இல்லை, அவை இல்லாவிட்டால் இப்படிப்பட்ட ஏற்பாடுகளை நடத்துவதே கஷ்டம் என்பது அந்தப் பதிலின் திசை.

பாலி சொன்னதில் எனக்குப் பிடித்தது, அது சக ஊழியனைத் திருடனாகப் பார்க்கவிடாமல் தடுக்கிறது. இலவசமாக வந்த ஃப்ரேமை ஒருவன் வாங்கிக்கொண்டால் அவன் மோசமானவன் ஆகிவிடவில்லை. ஆனால் அவன் வாங்கியதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு பாலியிடம் இருக்கும் பதில் விலையோடு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்கு நான் போய் நிற்கிற இடம் வாய்க்கால் கரை.

*

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு ‘முறை’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறக்க வேண்டும் என்பது மரபு. கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிறது, மிஞ்சினால் கொள்ளிடம். அணையில் தண்ணீர் குறைவாக இருக்கும் ஆண்டுகளில் எல்லா ஆற்றிலும் ஒரே நேரத்தில் விட முடியாது. இதில் சில நாள், அதில் சில நாள் என்று முறை வைத்து விடுவார்கள். ஆற்றுக்குள் முறை, வாய்க்காலுக்குள் முறை, கிளை வாய்க்காலுக்குள் முறை. மயிலாடுதுறை, சீர்காழிப் பக்கம் எல்லாம் இந்த வரிசையின் கடைசி. கடைமடை என்று பெயர். மேலே திறந்த தண்ணீர் இங்கே வந்து சேரும் வரை பேப்பரில் ‘கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை’ என்ற செய்தி ஓடிக்கொண்டே இருக்கும்.

தலைமடையில் இருப்பவர் தன் முறை வரும்போது வயலில் தேவைக்கு மேல் தண்ணீரைக் கட்டி நிறுத்துவார் என்பது கடைமடைக்காரர்களின் பழைய புகார். அவரைக் கேட்டால் அவரிடமும் பதில் இருக்கும். ‘என் முறை, எடுத்துக்கிட்டேன். அடுத்த முறை வருமோ வராதோ, யார் கண்டா?’ இதில் பேராசையைவிட பயம்தான் அதிகம். அடுத்த முறை கட்டாயம் வரும் என்று தெரிந்தால் அவரும் வரப்பை வெட்டி விட்டுவிடுவார். வராது என்று பயந்து நிறுத்துகிறார். நிறுத்துவதால் கீழே தண்ணீர் போகாமல் போகிறது. அது சண்டையாகி முறையே குலைந்தால், அவர் பயந்தது நடந்துவிடுகிறது.

ஆனால் அதே ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்கிறபோது கதை தலைகீழ். வாய்க்கால் கரை தட்டி ஓடும். அப்போது ஒருவர் தன் வயலுக்குத் தண்ணீர் விடாமல் இருந்தால் அது யாருக்கும் உதவி இல்லை. அது வடிகாலில் விழுந்து கடலுக்குப் போகும். ஆடியில் எடுக்காத தண்ணீரும் கார்த்திகையில் எடுக்காத தண்ணீரும் ஒன்றில்லை. எடுக்காதது எங்கே போகிறது என்று பார்த்துத்தான் எடுக்காமல் இருந்ததற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று சொல்ல முடியும்.

கண்ணாடிச் சலுகைக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். நாம் எடுக்காத ஐயாயிரம் எங்கே போகிறது? மூன்று வழி இருக்கிறது. எந்த வழி என்பது உங்கள் பாலிசியின் அமைப்பைப் பொறுத்தது.

ஒன்று, உங்கள் சம்பளத்திலேயே ஒரு பங்கை ஒதுக்கி வைத்து, பில் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உங்களுக்கே தருகிற ஏற்பாடு. இது உங்கள் காசு. இதில் நீங்கள் ஃப்ரேம் வாங்குவதும் வாங்காததும் உங்கள் சொந்த விஷயம். வீணாக்கினால் உங்களுக்குத்தான் வீண்.

இரண்டு, நிறுவனமே ஒரு தொகையை வைத்துக்கொண்டு பில்லுக்குப் பணம் தருவது. எடுக்காவிட்டால் அது நிறுவனத்திடமே தங்கும். பெரும்பாலும் இது கார்த்திகைத் தண்ணீர். நீங்கள் விட்டதால் பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு ரூபாய்கூட அதிகமாகக் கிடைக்கப் போவதில்லை.

மூன்றாவதுதான் வாய்க்கால். கண்ணாடிச் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் ஒரே காப்பீட்டுக் கணக்கில் போகும் ஏற்பாடு. குழுக் காப்பீட்டில் அடுத்த வருடப் பிரீமியத்தை முடிவு செய்யும்போது, இந்த வருடம் அந்தக் குழு எவ்வளவு க்ளெய்ம் செய்தது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கட்டிய பிரீமியத்தைவிட எடுத்தது அதிகம் என்றால் பிரீமியம் ஏறும். ஏறியதை நிறுவனம் முழுவதும் தாங்காது. எங்கேயாவது வெட்டும். அப்படி வெட்டும்போது அடிக்கடி கத்தி விழுகிற இடம் பெற்றோருக்கான காப்பீடு. வயதானவர்களின் க்ளெய்ம்தான் பெரியது என்பதால், ‘அடுத்த வருடத்திலிருந்து பெற்றோர் செலவில் இத்தனை சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும்’ என்று வரும், அல்லது ‘பெற்றோருக்கான பிரீமியத்தை இனி நீங்களே கட்டுங்கள்’ என்று வரும். நூறு பேர் தேவையில்லாமல் வாங்கிய நூறு ஃப்ரேம், யாரோ ஒருவருடைய அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்கு வந்த தொகையில் ஒரு துளியைக் குறைக்கிறது. அது யார் என்று நமக்குத் தெரியாது. தலைமடைக்காரருக்கும் கடைமடையில் காய்ந்த வயல் யாருடையது என்று தெரியாதுதான்.

இங்கேயும் ஓடுவது பயம்தான் என்று நினைக்கிறேன். ‘இந்த வருஷம் இருக்கு, அடுத்த வருஷம் எடுத்துடுவாங்க, இருக்கறப்பவே வாங்கிடு.’ எல்லோரும் அப்படி வாங்கினால் அடுத்த வருஷம் எடுத்துவிடுவார்கள்.

*

இதுவரை ‘தேவை இல்லை’ என்ற சொல்லை அப்படியே நம்பி எழுதிக்கொண்டு வந்தேன். கண் விஷயத்தில் அந்தச் சொல்லை நம்புவது ஆபத்து. பசித்தால் வயிறு சொல்லும். சொத்தைப் பல் வலித்தால் ராத்திரி தூங்க விடாது. கண் அப்படி இல்லை. தனக்குத் தெரியாததைத் தெரியவில்லை என்று அது சொல்வதே இல்லை.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். மார்க் குறையும், மக்கு என்று பெயர் வரும், கடைசி பெஞ்சுக்குப் போகும். அங்கிருந்து இன்னும் மங்கலாகத் தெரியும். தமிழ்நாட்டில் 2009இல் ‘கண்ணொளி காப்போம்’ என்று ஒரு திட்டம் தொடங்கி, பள்ளிகளுக்கே போய்ப் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுத்தார்கள். எனக்குக் கண்ணாடி வேணும் என்று அந்தப் பிள்ளை தானாக வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தால் அது கேட்டே இருக்காது.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். க்ளாகோமா என்ற கண் அழுத்த நோய் ஓரப் பார்வையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வரும். வலி இருக்காது. நடுப்பார்வை நன்றாக இருப்பதால் பல வருடம் தெரியவே தெரியாது. தெரியவரும்போது போன பார்வை திரும்பாது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதும் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் சர்க்கரை இருப்பவர்கள் வருடம் ஒரு முறை கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். ‘எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது’ என்பது நம் கருத்து மட்டும்தான். பரிசோதனை முடிந்த பிறகுதான் அதைத் தகவல் என்று சொல்ல முடியும்.

1970களில் அமெரிக்காவில் ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு பெரிய சோதனை நடத்தியது. ஆயிரக்கணக்கான ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு மருத்துவம் முழுக்க இலவசம், மற்றவர்களுக்குச் செலவில் ஒரு பங்கை அவர்களே கட்ட வேண்டும் என்று வைத்துப் பல வருடம் கவனித்தார்கள். பாலி சொன்னது சரியாகவே இருந்தது. இலவசம் என்றவர்கள், செலவில் பெரும்பங்கைத் தாங்களே கட்டியவர்களைவிடச் சுமார் 45 சதவீதம் கூடுதலாகச் செலவு செய்தார்கள். அந்தக் கூடுதல் செலவால் சராசரி ஆளின் உடல்நலம் பெரிதாக மேம்படவில்லை. ஆனால் விதிவிலக்காக மேம்பட்ட சில விஷயங்கள் இருந்தன, முக்கியமாக ஏழைகளுக்கு. ரத்த அழுத்தம் ஒன்று. இன்னொன்று கண் பார்வை. இலவசம் என்றதும் கண்ணைக் காட்டப் போனார்கள், போனபோது கண்ணாடி தேவை என்று தெரிந்தது. தேவை இல்லை என்று அவர்களே முடிவு செய்து வீட்டில் இருந்திருந்தால் மங்கலாகவே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆகவே அந்த மெயிலில் உள்ள சலுகையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பரிசோதனை ஒன்று, ஃப்ரேம் இன்னொன்று. பரிசோதனை ‘தேவையா’ என்று கண்டுபிடிப்பதற்கே பரிசோதனைதான் வழி. அதை எடுத்துக்கொள்வதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். அதற்காக வருடா வருடம் ஓட வேண்டும் என்றும் இல்லை. குறை எதுவும் இல்லாதவர்கள் இருபதுகளில் ஒரு முறை, முப்பதுகளில் இரண்டு முறை, 40 வயதில் ஒரு முழுப் பரிசோதனை என்று அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கம் ஒரு கணக்கு சொல்கிறது. சர்க்கரை இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது க்ளாகோமா இருந்தாலோ கணக்கு வேறு. முறையாக எடுத்த பரிசோதனை, காப்பீட்டுக் கணக்கிலேயே பின்னால் வரப்போகும் பெரிய செலவைத் தடுக்கக்கூடியது. அது வரப்பு கட்டி நிறுத்திய தண்ணீர் இல்லை.

ஃப்ரேம் அப்படி இல்லை. பவர் மாறாதபோது வாங்கும் இரண்டாவது, மூன்றாவது ஃப்ரேம் அழகு. அழகு தப்பில்லை, ஆனால் அதற்கு மருத்துவம் என்று பெயர் வேண்டாம். ஸ்க்ரீன் முன்னாடி உட்காருகிறோமே, ப்ளூ கட் லென்ஸாவது தேவைதானே என்று கேட்பவர்களுக்கு: 2023இல் காக்ரேன் குழு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கணினி பார்ப்பதால் வரும் கண் சோர்வை அந்த லென்ஸ்கள் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொன்னது. அடிக்கடி எழுந்து தூரத்தில் பார்ப்பதற்குப் பில் கிடையாது.

*

அந்த ஃப்ரேம் தேவைப்படுகிறவர் எங்கே இருக்கிறார்? 40 வயது தாண்டியதும் கிட்டத்து எழுத்து மங்கும். வெள்ளெழுத்து என்று நம் ஊரில் சொல்வோம். ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் வரும். அதற்கான கண்ணாடி, இருக்கிற பொருட்களிலேயே மலிவான மருத்துவச் சாதனங்களில் ஒன்று. 2018இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயது தாண்டிய, கிட்டப்பார்வை மங்கிய 751 தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலையின் அளவு, கிடைக்காதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக ஏறியது. பறிப்பதற்கு ஏற்பக் கூலி. மருந்தில்லை, அறுவை சிகிச்சை இல்லை. ஒரு ஜோடிக் கண்ணாடி.

இதை மயிலாடுதுறையில் பொருத்திப் பார்க்கத் தனியாக ஆய்வு வேண்டாம். கூறைப்புடவைக்குப் பெயர் தந்த கூறைநாடு இந்த ஊருக்குள்தான் இருக்கிறது. பாவில் அறுந்த ஓர் இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டிய வேலை. வெள்ளெழுத்து வந்த நெசவாளிக்குக் கண்ணாடி ஒரு கருவி, தறி மாதிரி. அரிசியில் கல் பொறுக்குகிறவர், பூக் கட்டுகிறவர், தையல் மெஷினில் ஊசிக்கு நூல் கோர்க்க வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறவர், இவர்களில் யாருக்கும் ஹெச்.ஆர். மெயில் வராது.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் அலுவலகக் கட்டடத்திலேயே பாருங்கள். வாசலில் அடையாள அட்டையைப் பார்க்கும் செக்யூரிட்டி அண்ணன், தரை துடைக்கும் அக்கா, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நம்மை வீட்டில் கொண்டுபோய் விடும் டிரைவர். இவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, நம் பாலிசி கிடையாது. எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் கண் கூசுகிறதா என்று அந்த டிரைவரை யாரும் கேட்பதில்லை. அவர் கண்ணை நம்பித்தான் பின்சீட்டில் நாம் தூங்குகிறோம்.

*

அப்படியென்றால் ஃப்ரேமை வாங்காமல் விட்டுவிட்டால் நல்லது செய்துவிட்டோமா? இங்கேதான் பலரும் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். விடுவதும் கொடுப்பதும் ஒன்றில்லை.

தமிழ்நாட்டு ரேஷன் கார்டில் ஒரு வகை உண்டு. என்.பி.ஹெச்.ஹெச்.-என்.சி. என்று அச்சிட்டிருப்பார்கள். எந்தப் பொருளும் வேண்டாம் என்று சொன்னவர்களின் அட்டை. அரிசி, சர்க்கரை எதுவும் கிடையாது, அடையாளத்துக்கும் முகவரிக்கும் மட்டும். நம் ரேஷன், அரிசியைப் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அவரவரிடம் விட்டிருக்கிறது. அந்தக் கார்டு வைத்திருப்பவர் விட்ட அரிசி அரசிடமே இருக்கும், அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. 2015 மார்ச்சில் மத்திய அரசு சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுங்கள் என்று ஒரு பிரசாரம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குள் ஒரு கோடிப் பேருக்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு ஒரு காரணம், விட்டது எங்கே போகும் என்று சொன்னார்கள். நீங்கள் விடும் மானியத்தில் ஓர் ஏழை வீட்டுக்கு அடுப்பு என்றார்கள். அந்தத் திட்டத்தைப் பற்றி வேறு விமர்சனங்கள் இருக்கலாம். ஆனால் மனித மனதின் ஒரு விஷயத்தை அது சரியாகப் பிடித்தது. போய்ச் சேரும் இடம் தெரிந்தால் விடுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

அலுவலகச் சலுகையில் அந்த இடம் கிடையாது. நான் பெருந்தன்மையாக ஃப்ரேம் வாங்காமல் இருந்தால், அது காப்பீட்டு நிறுவனத்தின் லாபத்திலோ கம்பெனியின் மிச்சத்திலோ போய்க் கலக்கும். டிரைவரின் மூக்கில் கண்ணாடி வந்து உட்காராது. தலைமடைக்காரர் தன் மடையை அடைத்தால் மட்டும் கடைமடை நனைவதில்லை. நடுவில் ஷட்டர் இருக்கிறது. லஸ்கர் வந்து அதைத் திறக்க வேண்டும். யாரும் திறக்காவிட்டால் மிஞ்சிய தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொள்ளும்.

ஆகவே தேவை இல்லாதவர்கள் செய்யக்கூடிய வேலை விடுவதோடு முடியாது. ஷட்டர்காரரைக் கேட்பதும் அதில் உண்டு. ஹெச்.ஆரிடம் கேட்க மூன்றே கேள்விகள். கண்ணாடிப் பணம் எந்தக் கணக்கில் போகிறது? எடுக்காதது எங்கே தங்குகிறது? ஃப்ரேமுக்கு வைத்திருக்கும் தொகையைக் குறைத்து, அதில் பெற்றோரின் கண் பரிசோதனையையோ, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வருடம் ஒரு கண் முகாமையோ வைக்க முடியுமா? பாலிசி புதுப்பிக்கும் பேச்சு நடக்கிற மாதத்தில் கேட்டால் இது பெரிய புரட்சி இல்லை, ஒரு எக்ஸெல் வரிசை. தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள். இருபது பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் பதில் எழுத வேண்டியிருக்கும். முடியாது என்றுகூடச் சொல்லலாம். அப்போது அந்த ஃப்ரேமை வாங்குவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இருக்காது. கடலுக்குப் போகிற தண்ணீர்தான் என்று தெரிந்துவிட்டதே.

*

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது, அது எனக்கு முழுதாகத் தீரவில்லை. பாலிசியில் பெற்றோருக்குக் கண்ணாடிச் சலுகை இல்லை. அம்மாவுக்கு வெள்ளெழுத்து. பிளாட்பாரக் கடையில் போட்டுப் பார்த்து வாங்கிய கண்ணாடியை வைத்துக்கொண்டு மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கிறார். மகன் தன் பெயரில் பில் போட்டு அம்மாவின் பவரில் லென்ஸ் வாங்குகிறான். தேவை உண்மை, பில் பொய். தொடக்கத்தில் பொய்யைத் தள்ளி வைத்தேனே, இதையும் தள்ள வேண்டியதுதானா?

பக்கத்து வயல் காய்வதைப் பார்க்க முடியாமல் ராத்திரியில் கரையை வெட்டி விட்டவனைப் பற்றி ஊர் எப்படிப் பேசும் என்று யோசித்துப் பார்க்கிறேன். திட்டும். ஆனால் திருடன் என்று சொல்லாது. இருந்தும் மறுநாளிலிருந்து கரைக்குக் காவல் போட வேண்டி வரும், அந்தக் காவல் நியாயமாகத் தண்ணீர் எடுக்கிறவனையும் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கும். பொய் பில்களின் விலையும் அப்படித்தான் வசூலாகிறது. ஒவ்வொரு பொய் பில்லுக்கும் பிறகு ஒரு புது ஆவணம் கேட்பார்கள். நிஜமாகவே கண் அறுவை சிகிச்சைக்குப் போன யாரோ ஒருவர் அந்த ஆவணங்களோடு கவுன்டரில் நிற்பார். அந்த மகனை என்னால் கண்டிக்க முடியவில்லை. அவன் வெட்டிய கரையை நியாயம் என்றும் சொல்ல முடியவில்லை. இருநூறு ரூபாய்க்குப் பிளாட்பாரத்தில் கிடைப்பதைவிட நல்ல கண்ணாடியை அவன் சொந்தக் காசில் வாங்க முடியும். ஐ.டி. சம்பளத்தில் அது முடியாத காரியம் இல்லை. அம்மாவின் கண்ணாடிக்குப் பாலிசி எதற்கு என்று அவன் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும் என்றுதான் தோன்றுகிறது.

*

தேவையை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் கண் மருத்துவத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணப் பிரிவு, இலவசப் பிரிவு என்று இரண்டு. இரண்டிலும் அதே மருத்துவர்கள்தான் பார்க்கிறார்கள். கட்டணம் கட்டுகிறவர்களின் பணத்தில்தான் இலவசப் பிரிவின் செலவில் பெரும்பங்கு ஓடுகிறது. யார் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. வருகிறவரே முடிவு செய்கிறார். ஏமாற்ற நினைத்தால் யாரும் ஏமாற்றலாம். அப்படியும் அந்த ஏற்பாடு அரை நூற்றாண்டாக நடந்து, உலகின் மிகப் பெரிய கண் சிகிச்சை நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது.

அங்கே இலவசப் பிரிவு பாயும் படுக்கையுமாக எளிமையாக இருக்கும், கட்டணப் பிரிவில் வசதி கூடுதல், அதனால்தான் வசதி உள்ளவர்கள் காசு கட்டுகிறார்கள் என்று ஒருவர் சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் நான் கட்டும் பணம் யாருடைய கண்புரைக்குப் போகிறது என்பது அங்கே வருகிறவர்களுக்கு ஊரறிந்த விஷயம். ஆரோ பேசிய நம்பிக்கை வெறும் போதனையில் வளர்வதில்லை, தண்ணீர் போகும் வழி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அது தானாகவே கொஞ்சம் வளர்கிறது.

நம் பாலிசிகளில் அந்த வழி பிடிஎஃப் கோப்பின் எத்தனையாவது பக்கத்திலோ புதைந்து கிடக்கிறது. அடுத்த மெயில் வரும்போது கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், இதுவரை செய்துகொள்ளாதவர்களாக இருந்தால் கட்டாயம். பவர் மாறியிருந்தால் கண்ணாடியும் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் முறை. மாறவில்லை என்றால் ஃப்ரேமை எடுக்கும் முன்னால் அந்த மெயிலுக்கு ஒரு பதில் போட்டு, எடுக்காவிட்டால் இது எங்கே போகும் என்று கேளுங்கள்.